மூடைக்கணக்கு

ஒரு மூடை மைதா ஐம்பது கிலோ.
லாரியிலிருந்து தோளில் வாங்கிய கணக்கு
எனக்குத் தப்பாது.
தென்காசி பஸ் ஸ்டாண்டு எடைமிசினில்
செய்யதம்மாள் ஏறி நின்றபோது
முப்பத்தேழு.
சீட்டின் பின்பக்கம்
'நல்ல காலம் நெருங்குகிறது' என்றிருந்தது.

ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்றே
எட்டு வருசம்.
பேரீச்சம்பழம், இரும்பு மாத்திரை, ஆட்டு ஈரல்,
பொட்டல்புதூரில் ஓதிக் கட்டின கயிறு.
கல்யாண வீட்டில்
கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.
"விசேசம் உண்டா" என்பவர்களுக்குச் சிரித்துவைப்பாள்,
மூன்று கலைந்த பிறகும்.

ஹைகிரவுண்டில் ஒரு டாக்டர் பிள்ளை
வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது:
குடலுக்குள்ள நாத்து மாதிரி நிக்கணும் அண்ணாச்சி,
மாடு மேஞ்ச வயலாக் கெடக்கு.
ராத்திரி என்ன சாப்பிடுவாங்க?

நான் வாய் திறக்கவில்லை.
அவள்தான் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே:
"இவுக பரோட்டா மாஸ்டர்லா.
தெனமும் ரெண்டு கொண்டாருவாக."

எட்டு வருசம்.
பத்தரை மணிக்கு, கடைசி ஈட்டில்,
முதலாளி கல்லாவை எண்ணும் நேரம் பார்த்து
எண்ணெய் கூட விட்டு, ஓரம் முறுக எடுத்து,
வாழையிலையில் மடித்து,
சூடு ஆறிவிடக் கூடாதென்று
கடையநல்லூர்த் தெருவெல்லாம் மிதித்தேனே சைக்கிளை.

சீலியாக் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
கடையில் அந்தப் பேர் யார் வாயிலும் நிற்கவில்லை.
மாஸ்டர் வீட்ல கோதுமை ஆகாதாம்
என்று இசக்கிதுரை சொல்ல,
சால்னாவில் கை வைத்தபடி ஒருவர் கேட்டார்:
"அப்ப எதை வச்சுவே குடும்பம் நடத்துதீரு?"

அதன்பிறகு டப்பா டப்பாவாக எழுத்துக் கூட்டினேன்.
பெருங்காயத்தில் மைதா.
பெருங்காயத்தில்!
அப்படியென்றால் ஊரார் வீட்டு ரசமெல்லாம்
அவளுக்கு வேலி.
பெருநாளைக்கு மாமி கொண்டுவந்த சேமியா பாயசம்,
"ஒரு கரண்டி என்னட்டி செய்யும்?"
மூன்று நாள் படுத்தாள்.
டவுனுக்குப் போனவர்கள் அல்வாப் பொட்டலம் நீட்டினால்
வாசலிலேயே வாங்கி அடுத்த வீட்டில் கொடுத்துவிடுகிறாள்.
முகம் மாறுவதில்லை.
நெய் பட்ட விரலை மட்டும்
நக்காமல் முந்தானையில் துடைக்கிறாள்.
நோன்பு மாசம் கொஞ்சம் லேசு.
பள்ளிவாசல் கஞ்சி அரிசிதான்.

இப்போது கடைப் பின்னால் குளித்துவிட்டு வருகிறேன்.
லுங்கி கடை ஆணியிலேயே தொங்கும்.
பழைய பிரஷால் நகக்கண் தேய்த்து,
காதுமடல், புருவம்,
முழங்கை மயிர்.
அப்படியும் கதவைத் திறந்தவுடன்
கையைப் புரட்டிப் பார்க்கிறாள்,
ஸ்கூல் டீச்சர் மாதிரி.

போன வெள்ளிக்கிழமை
அரிசிமாவைக் கொதிநீரில் பிசைந்து உட்கார்ந்தேன்.
அடித்தேன், உடைந்தது.
வீசினேன், பாதி அடுப்பில் பாதி சுவரில்.
இருபத்திரண்டு வருசத்துக் கை இது.
எது இழுத்த இழுப்புக்கு வருமோ,
விசிறினால் மல்லுவேட்டியாய் விரியுமோ,
எனக்குச் சோறு போட்ட அந்த இழுவைதான்
அவளுக்கு ஆகாததாம்.
"வீசாதிய. தட்டுங்க. மெதுவா"
என்று என் கைமேல் கை வைத்துத் தட்டினாள்.
வட்டம் வரவில்லை.
சிலோன் மேப்பு மாதிரி ஒன்று வந்தது.
தேங்காய்ப்பாலில் முக்கித் தின்றுவிட்டு
உப்பு போதாது என்றாள்.

நேற்று மறுபடி எடைமிசின்.
நாற்பத்திரண்டரை.
சீட்டின் பின்பக்கம் நான் பார்க்கவில்லை,
அவள் மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

இன்று காலை ஏழு மூடை வந்து இறங்கியது.
முதல் மூடையைத் தோளில் வாங்கி அப்படியே நின்றேன்.
"என்ன மாஸ்டர், முதுகு பிடிச்சிட்டா?"
இல்லலே, இன்னும் ஏழரை கிலோ வேணும்.
"ஏழரையா?" என்றான் இசக்கிதுரை.
"விடிஞ்சதும் விடியாம நல்ல நம்பரா ஒண்ணு சொல்லும்."